சிஆர்ஏ சட்டம்: ஆய்வகத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் ஃபர்ம்வேருக்கு என்ன பொருள்?

ஐரோப்பிய ஒன்றியச் சந்தையில், வேறொரு கருவியோடோ நெட்வொர்க்கோடோ இணையும் எந்த மின்னணுப் பொருளை விற்றாலும், அப்படி இணையும் எந்த மென்பொருளை விற்றாலும், அவற்றின் இணையப் பாதுகாப்புக்கான சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட் என்ற சட்டம் 2027 டிசம்பர் 11 முதல் முழுமையாகப் பொருந்தும். சுருக்கமாக சிஆர்ஏ, ஒழுங்குமுறை எண் 2024/2847. சட்டம் 2024 டிசம்பர் 10 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. நடுவில் உள்ள காலம் தயாராவதற்குத்தான். அதிலும் பாதுகாப்பு ஓட்டைகளை அறிவிக்கும் கடமைக்கு மட்டும் நாள் முந்துகிறது: 2026 செப்டம்பர் 11. பொருள் எந்த நாட்டில் உருவானது என்பது கணக்கில்லை, அது எங்கே விற்கப்படுகிறது என்பதுதான் கணக்கு.

மருத்துவக் கருவிகள், வகை ஒப்புதல் (மாடலுக்கான அரசு அனுமதி) பெறும் கார், லாரி போன்ற வாகனங்கள், விமானத் துறைப் பொருள்கள், கப்பல் உபகரணங்கள் ஆகியவற்றுக்குத் தனிச் சட்டங்கள் இருப்பதால் அவை இதில் வராது. வணிக நோக்கமில்லாமல் வெளியிடப்படும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளும் வராது. ஆனால் அதே ஓப்பன் சோர்ஸ் நிரலை எடுத்து உங்கள் பொருளுக்குள் வைத்து விற்றால், அதற்கும் சேர்த்துப் பொறுப்பு உங்களுடையது.

யார் உற்பத்தியாளர்? தன் பெயரிலோ வணிகச் சின்னத்திலோ பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருபவர். ஆய்வு நிறுவனம் ஃபர்ம்வேர் (கருவியின் சிப்புக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருள்) எழுதிக் கொடுத்து, ஒரு நிறுவனம் அதைத் தன் கருவியில் ஏற்றி விற்றால், சட்டத்தின் கண்ணில் உற்பத்தியாளர் அந்த நிறுவனம்தான். ஆய்வகம் அதே நிரலைத் தன் பெயரில் தனியாக விற்கத் தொடங்கினால் அதுவும் உற்பத்தியாளர் ஆகிவிடும். கூட்டு ஆய்வு ஒப்பந்தங்களில் இந்த எல்லையை யாரும் எழுதி வைப்பதில்லை. பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

இன்னொரு தவறான புரிதல்: "எங்கள் மாடல் 2025-லேயே சந்தைக்கு வந்துவிட்டது, அதனால் இந்தச் சட்டம் எங்களுக்கு இல்லை." சந்தைக்கு வருவது மாடல் அல்ல, ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக வருகிறது. பழைய மாடலாகவே இருந்தாலும் 2027 டிசம்பர் 11-க்குப் பிறகு முதன்முதலாகச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு கருவியும் சட்டத்தை நிறைவு செய்ய வேண்டும். அதற்கு முன்பே விற்றவை, பெரிய மாற்றம் செய்யாதவரை தப்பும். ஆனால் அறிவிப்புக் கடமை அவற்றுக்கும் உண்டு.

பெரும்பாலான பொருள்களுக்கு உற்பத்தியாளரே தன் மதிப்பீட்டைச் செய்து, ஒன்றியச் சட்டங்களை நிறைவு செய்கிறது என்று காட்டும் சிஇ குறி இடலாம். ரவுட்டர், இயங்குதளம், பாதுகாப்புச் செயல்பாடு கொண்ட மைக்ரோகன்ட்ரோலர் (கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிச் சிப்), ஸ்மார்ட் பூட்டு போன்றவை 'முக்கியமானவை, முதல் வகுப்பு'. இவற்றுக்கு ஒத்திசைந்த தரநிலைகளையோ (சட்டத்துக்காக ஒன்றியம் ஏற்றுக்கொண்ட தரநிலைகள்) சட்டம் அவற்றுக்கு இணையாக ஏற்பவற்றையோ முழுமையாகப் பின்பற்றினால் மட்டுமே சுயமதிப்பீடு போதும். இரண்டாம் வகுப்பில் வரும் ஃபயர்வால் (நெட்வொர்க் காவல் அமைப்பு), ஹைப்பர்வைசர் (ஒரே கணினியில் பல இயங்குதளங்களை ஓட்டும் மென்பொருள்) முதலியவற்றுக்கு வெளி மதிப்பீடு கட்டாயம்.

சட்டம் கேட்பவற்றுள் ஃபர்ம்வேர்காரர்களை அதிகம் உலுக்குவது அப்டேட்தான். ஆதரவுக் காலம் குறைந்தது 5 ஆண்டுகள்; பொருளின் பயன்பாட்டுக் காலமே அதற்குக் குறைவு என்றால் மட்டும் விலக்கு. அது முடியும் மாதமும் ஆண்டும் வாங்கும்போதே வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். பாதுகாப்பு அப்டேட்கள் இலவசம். முடிந்தவரை புதிய வசதிகளோடு கலக்காமல் தனியாக வர வேண்டும்.

இந்த அப்டேட் கடமை சர்க்யூட் போர்டில் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். 1024 கேபி ஃபிளாஷ் (நிரல் தங்கும் நினைவகம்) உள்ள சிப். பூட்லோடருக்கு (முதலில் ஓடி ஃபர்ம்வேரை எழுப்பும் சிறு நிரல்) 64, அமைப்புகளுக்கும் பதிவுகளுக்கும் 32 போனால் மீதி 928 கேபி. பழைய பதிப்புக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என்று இரண்டு ஸ்லாட்டாகப் பிரித்தால் ஆளுக்கு 464. உங்கள் ஃபர்ம்வேர் 520 கேபி என்றால் இரண்டு ஸ்லாட்டுக்கு இடமில்லை. ஒரே ஸ்லாட்டில் அழித்து எழுதும்போது நடுவில் மின்சாரம் போனால் கருவி செத்துவிடும். ஆயிரக்கணக்கான கருவிகள் களத்தில் நிற்கும்போது அந்தத் துணிச்சல் யாருக்கும் வராது. அப்டேட் அனுப்பாமலே இருந்துவிடுவார்கள். வெளியே ஒரு எஸ்பிஐ ஃபிளாஷ் (தனி நினைவகச் சிப்) வைப்பதா, பெரிய சிப்புக்கு மாறுவதா என்பதைச் சர்க்யூட் வரையும் வாரத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு ஸ்லாட் இருந்தாலும் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. புதிய ஃபர்ம்வேர் சோதனையாக ஒருமுறை எழுந்து, "நான் நலம்" என்று குறித்தால்தான் நிலைக்கும். குறிக்காவிட்டால் பூட்லோடர் பழையதற்குத் திரும்பும். அந்தக் குறியை நிரலின் முதல் வரிகளிலேயே போட்டுவிடுகிறார்கள். நெட்வொர்க் பகுதி உடைந்திருந்தாலும் குறி விழுந்துவிடும். அதன்பின் அந்தக் கருவியால் அடுத்த அப்டேட்டை வாங்கவே முடியாது. அப்டேட் சர்வரோடு பேசி முடித்த பிறகே குறி விழ வேண்டும். பழைய பதிப்பு மீண்டும் ஏறாமல் தடுக்கும் கவுன்ட்டரையும் (பூட்லோடர் ஏற்கும் குறைந்தபட்சப் பதிப்பு எண்) அதற்குப் பிறகுதான் ஏற்ற வேண்டும். முன்பே ஏற்றினால், திரும்பிப் போக வேண்டிய பழைய ஃபர்ம்வேரை பூட்லோடரே மறுத்துவிடும்.

அடுத்தது மென்பொருள் உறுப்புப் பட்டியல், அதாவது எஸ்பிஓஎம்: பொருளுக்குள் எந்தெந்த மென்பொருள் துண்டுகள் இருக்கின்றன என்ற பட்டியல். இயந்திரம் படிக்கும் வடிவில், குறைந்தது மேல்மட்ட உறுப்புகளாவது இருக்க வேண்டும். பொதுவில் வெளியிட வேண்டியதில்லை. மேல்மட்டத்தோடு நிறுத்துவது சட்டத்துக்குப் போதும், வேலைக்குப் போதாது. சிப் நிறுவனம் தரும் எஸ்டிகேவுக்குள் (நிரல் எழுதுவதற்கான தொகுப்பு) எல்டபிள்யூஐபி, எம்பெட்டிஎல்எஸ் போன்ற நெட்வொர்க், குறியாக்க நிரல்கள் சோர்ஸ் ஃபைல்களாக நகலெடுத்து வைக்கப்பட்டிருக்கும். வெளி நிரல்களை இறக்கித் தரும் பேக்கேஜ் மேனேஜரை மட்டும் பார்த்துப் பட்டியல் போடும் மென்பொருள்களுக்கு அவை தெரியாது. நிரல் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்க்கர், எவையெல்லாம் உள்ளே போயின என்று தரும் மேப் ஃபைலோடு பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள், விடுபட்டவை அங்கே தெரியும். ஒவ்வொரு பில்டிலும் (சோர்ஸிலிருந்து ஃபர்ம்வேரை உருவாக்கும்போதும்) பட்டியல் தானாக உருவாகட்டும். கையால் எழுதியது சீக்கிரமே பழசாகிவிடும்.

ஓட்டை ஒன்றை யாரோ உண்மையிலேயே பயன்படுத்தித் தாக்குகிறார்கள் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் முன்னெச்சரிக்கை, 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிவிப்பு, தீர்வு தயாரான 14 நாள்களுக்குள் இறுதி அறிக்கை. எல்லாம் ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்பு முகமையான எனிசா அமைக்கும் ஒரே அறிவிப்புத் தளம் வழியாக. கடிகாரம் அலுவலக நேரம் பார்ப்பதில்லை: வெள்ளி மாலை 6 மணிக்குத் தெரிந்தால் கெடு சனி மாலை 6 மணி. ஆகவே எந்தப் பதிப்பு எந்தக் கருவியில் ஓடுகிறது என்று உடனே சொல்லும் பதிவேடும், விடுமுறையிலும் மின்னஞ்சல் பார்க்கும் ஓர் ஆளும் தேவை.

அடிப்படைத் தேவைகளையோ உற்பத்தியாளரின் முக்கியக் கடமைகளையோ மீறினால் அபராதம் 1.5 கோடி யூரோ வரை, அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 2.5 சதவீதம் வரை. எது அதிகமோ அது. சிறு, குறு நிறுவனங்கள் அந்த 24 மணி நேரக் கெடுவைத் தவறவிட்டதற்காக மட்டும் அபராதம் கட்ட வேண்டியதில்லை. அவர்களுக்கு எளிமையாக்கப்பட்ட தொழில்நுட்ப ஆவணப் படிவத்துக்கும் சட்டத்தில் இடமுண்டு.

ஆய்வகங்களுக்கு ஒரு சலுகை: முழுமை பெறாத புரோட்டோடைப்பைக் கண்காட்சியிலோ செயல்விளக்கத்திலோ வைக்கலாம். சட்டத்தை இன்னும் நிறைவு செய்யவில்லை, நிறைவு செய்யும்வரை விற்பனைக்கு வராது என்ற அறிவிப்பு கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சோதனைக்கான மென்பொருளையும் தேவையான காலத்துக்கு மட்டும், அதே போன்ற அறிவிப்போடு கொடுக்கலாம்.

திட்டத்தை ஒப்படைக்கும்போது கையெழுத்துச் சாவியைப் பாருங்கள். கருவி தன் உற்பத்தியாளரின் அப்டேட்டை மட்டும் ஏற்கும்படி ஃபர்ம்வேருக்கு மின்னணுக் கையெழுத்திடும் ரகசியச் சாவி (பிரைவேட் கீ), திட்டத்தில் வேலை பார்த்த ஒருவரின் லேப்டாப்பில் மட்டும் இருந்தால், அவர் போன பிறகு ஒரு வரித் திருத்தத்தைக்கூட யாராலும் அனுப்ப முடியாது. தயாரிப்புக்கான சாவியை நிறுவனமே தன் பாதுகாப்பு மாட்யூலில் (சாவிகளை வெளியே விடாமல் காக்கும் தனிக் கருவி) உருவாக்கட்டும். ஆய்வகம் சோதனைச் சாவியோடு நிற்கட்டும். கடைசித் தவணைக்கு முன், நிறுவனத்தின் பொறியாளர் ஒரு புதிய கணினியில் சோர்ஸைப் பில்ட் செய்து, தங்கள் சாவியால் கையெழுத்திட்டு, உண்மையான ஒரு கருவிக்கு அப்டேட் அனுப்பிக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை ஒருமுறை பிடுங்கியும் பார்க்கச் சொல்லுங்கள்.