கழுத்தைச் சுற்றி ஆறு மீட்டர் துணி

16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரையப்பட்ட ஐரோப்பிய உருவப்படங்களில், கழுத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று விறைத்து நிற்கிறதே, அந்தக் கழுத்தணியின் பெயர் ரஃப். நாடகத்துக்காக அதைத் தைக்க நினைப்பவர்கள், விறைப்பாக நிற்க வேண்டுமே என்று தடித்த துணியைத் தேடிப் போவதுண்டு. வேலை கெடுவது அங்கேதான். ரஃப்புக்கு வேண்டியது மிக மெல்லிய லினன், அதாவது ஆளிச் செடியின் நாரில் நெய்த துணி.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். கழுத்துப் பட்டியின் நீளம் 38 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ள துணியை அதற்குள் சுருக்கி அடக்க வேண்டும். மடிப்பின் ஆழம் 1 செ.மீ. என்றால், பட்டியின் ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் சுமார் 16 அடுக்குகள் நிற்கும். ஓர் அடுக்குக்குக் கிடைப்பது 0.6 மி.மீ. இடம்தான். தடித்த துணி அதில் நுழையவே நுழையாது.

வெளி ஓரத்தின் கதை வேறு. கழுத்திலிருந்து 10 செ.மீ. தள்ளிப் போனால் வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 100 செ.மீ. ஆகிவிடுகிறது. உள்ளே நெருக்கியடித்து நிற்கும் அதே துணி, வெளியே விரிந்து '8' என்ற எண்ணின் வடிவில் வளைவுகளாகத் திறந்துகொள்கிறது. துணியை வட்டமாக வெட்டத் தேவையே இல்லை. நேராகக் கிழித்த நீளத் துண்டு போதும். இந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்தது.

சுருக்கு வைப்பதற்கு இரண்டு மூன்று வரிசை ஓட்டுத்தையல் போட வேண்டும். ஒரு வரிசையின் தையலுக்கு நேர் கீழே அடுத்த வரிசையின் தையல் விழ வேண்டும். நூல்களைச் சேர்த்து இழுத்தால் மடிப்புகள் ஒரே ஆழத்தில் எழும்பும். பிறகு ஒவ்வொரு மடிப்பின் முகட்டையும் கையால் பட்டியோடு பிணைக்க வேண்டும். இயந்திரத்தில் கொடுத்தால் மடிப்புகள் நசுங்கிப் படுத்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் துணி தொங்கத்தான் செய்யும். அதை நிறுத்துவது கஞ்சி. இன்றைய பெல்ஜியம் பகுதியான பிளாண்டர்ஸிலிருந்து 1564-இல் லண்டனுக்கு வந்த டிங்கன் வான் டெர் பிளாஸ் என்ற பெண்மணி, கஞ்சி போடும் கலையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்தார். ஆடம்பரத்தைச் சாடிய ஆங்கில எழுத்தாளர் பிலிப் ஸ்டப்ஸ், 1583-இல் கஞ்சியைச் 'சாத்தானின் திரவம்' என்றே எழுதினார்.

நாம் வேட்டிக்குப் போடும் கஞ்சியில் நடப்பதேதான் இங்கும் நடக்கிறது. சுமார் 60 டிகிரி செல்சியஸில் கோதுமை மாவுச்சத்தின் மணிகள் நீரை உறிஞ்சி உப்பி உடைகின்றன. அவற்றுள் இருந்த நீண்ட மூலக்கூறு இழைகள் நீரில் கலந்து, துணியின் நார்களுக்கு இடையே படிகின்றன. லினனில் உள்ள செல்லுலோஸ், மாவுச்சத்து இரண்டுமே குளுக்கோஸ் கோத்த சங்கிலிகள். அதனால் இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. பாலியஸ்டரில் அந்தப் பிடிப்புக்கு வழி குறைவு. நாடக உடைக்குக்கூட லினனோ மெல்லிய பருத்தியோதான் வாங்கச் சொல்வேன்.

கஞ்சி முழுக்கக் காய்வதற்குள் வளைவுகளை உருவாக்கிவிட வேண்டும். ஈரம் இருக்கும்வரை மாவுச்சத்தின் சங்கிலிகள் நழுவி இடம் மாறும். சூடான உலோகக் கம்பியை வளைவுக்குள் விட்டால் ஈரம் வெளியேறி, அவை அந்த வடிவத்திலேயே உறைந்துவிடும். அந்தக் காலத்தில் இதற்கென்றே கம்பிகள் இருந்தன. இன்று முடி சுருட்டும் கருவியே போதும், சூடு மட்டும் அளவாக இருக்கட்டும். மழையில் நனைந்தால் இதே வேலை தலைகீழாக நடந்து ரஃப் துவண்டுவிடும். பெரிய ரஃப் என்றால் அடியில் கம்பிச் சட்டமும் தேவைப்படும்.

துவைத்தால் கஞ்சி போய், பட்டியில் தைத்த சுருக்கு மட்டும் மிஞ்சும். மறுபடி கஞ்சி போடும்போது வளைவுகளைப் பெரிதாகவோ சிறிதாகவோ மாற்றி அமைத்துக்கொள்ளலாம்.