மலத்தில் வந்த மாத்திரை

"அப்பாவுக்குக் காலையில் கொடுக்கும் பிரஷர் மாத்திரை, மறுநாள் மலத்தில் முழுசாக வருகிறது. போலி மருந்தா சார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். செரிமானக் கோளாறு என்று பாட்டி விளக்கெண்ணெயோடு தயாராக நிற்கிறாராம். அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். நிஃபெடிபின் 30 மி.கி., ஜி.ஐ.டி.எஸ். ரகம்; அதாவது 24 மணி நேரமும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் மாத்திரை.

விளக்கெண்ணெய் வேண்டாம். வந்தது வெறும் கூடு. சரக்கு உள்ளே இறங்கியாயிற்று.

இதே நிஃபெடிபின் கேப்சூலாகவும் உண்டு. அது வயிற்றில் சட்டென்று உடையும். அரை மணி நேரத்திலேயே ரத்தத்தில் மருந்து உச்சத்துக்குப் போகும். பிறகு சுமார் இரண்டு மணிக்கொரு தரம் பாதியாகும். அதனால்தான் மூன்று வேளை. மருந்தை மெதுவாக விடும் சாதாரண எஸ்.ஆர். (சஸ்டெயின்ட் ரிலீஸ்) மாத்திரைகள் பலவற்றில், நனைந்ததும் சப்ஜா விதை போல வழவழப்பான கூழ் சூழ்ந்துகொள்ளும். மருந்து அதன் வழியே கசியும். ஆனால் நேரம் ஆக ஆகக் கசிவு குறையும்.

ஜி.ஐ.டி.எஸ். வேறு ஜாதி. 1970களில் அமெரிக்காவின் ஆல்சா நிறுவனத்தில் உருவான சவ்வூடு பரவல் பம்பு இதன் மூதாதை. மாவடுவில் உப்பைப் போட்டால் நீர் விடுகிறதே, அதே விசைதான், திசைதான் தலைகீழ். மாத்திரையின் மேலுறை செல்லுலோஸ் அசிடேட்: தண்ணீரை உள்ளே விடும், உள்ளிருக்கும் உப்பை வெளியே விடாது. உள்ளே இரண்டு அடுக்கு. மேலே மருந்து, கீழே உப்பும் ஊதிப் பெருகும் பாலிமரும். மருந்துப் பக்கத்து உறையில் லேசரால் போட்ட, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரே ஒரு துளை.

உப்பு தண்ணீரை இழுக்க இழுக்கக் கீழடுக்கு உப்புகிறது. உறையோ விரியாது. முறுக்கு அச்சின் மேல்கட்டையை அழுத்துவது போல அது மேலடுக்கைத் தள்ள, நனைந்து குழைந்த மருந்து துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்குகிறது. நிஃபெடிபின் தண்ணீரில் ஏறக்குறைய கரையாத பிடிவாதக்காரன். கரையாவிட்டால் என்ன, தள்ளிவிடலாம் என்று யோசித்த மூளைக்கு ஒரு கும்பிடு!

ஆய்வகத்தில் 37 டிகிரி வெந்நீர்க் குடுவையில் மாத்திரையைப் போட்டு, துடுப்பு சுழல, அவ்வப்போது மாதிரி எடுத்து, வெளிவந்த மருந்தை அளப்பார்கள். கேப்சூலின் வரைகோடு செங்குத்தாக எகிறிப் படுத்துவிடும். பம்பின் கோடு முதல் இரண்டு மணி நேரம் சும்மா கிடந்து, பிறகு ரூல் தடி வைத்துக் கிழித்தது போல ஏறும். வேகத்தைத் தீர்மானிப்பது உறை வழியே நீர் நுழையும் வேகம்தான். வயிற்று அமிலமா, குடல் காரமா என்பது பெரிதாகப் பொருட்டில்லை.

இதைப் பாதியாக உடைத்தால் உறை கிழிந்து, 24 மணி நேரக் கணக்கே குலைந்துவிடும். மருந்து சட்டென்று இறங்குவது ஆபத்து. ஒருகாலத்தில் பிரஷர் எகிறினால் அவசரத்துக்கு நிஃபெடிபின் கேப்சூலைக் கடிக்கச் சொல்வார்கள். பிரஷர் மளமளவென்று சரிந்து மாரடைப்பு, பக்கவாதம் வந்ததைப் பார்த்து, 1996இல் மருத்துவர்களே அதை நிறுத்தச் சொல்லி எழுதினார்கள். 'உடைக்காதே, மெல்லாதே' என்று அட்டையில் தமிழில் அச்சடிக்க எவ்வளவு மை ஆகிவிடும்?

வாசகருக்கு ஒரு வேலை. நாளைய மாத்திரையை அப்பாவிடம் கொடுக்கும் முன் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரு பக்கம் அந்தத் துளை தெரியும். பாட்டிக்கும் காட்டுங்கள்.