ஹெரோடோட்டஸ் நம்ப மறுத்த சூரியன்

நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிழல் மறையும் நிழலில்லா நாளைப் பற்றி முன்பு எழுதியதைப் படித்த வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். பழங்காலத்தவர் தொலைதூர நாடுகளைப் பற்றி எழுதி வைத்தவற்றில் நாய்த்தலை மனிதர்களும் வருகிறார்கள், உண்மையான துறைமுகங்களும் வருகின்றன. இவற்றில் எது மெய், எது புளுகு என்று இன்றைக்கு எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பது அவருடைய ஐயம். நாணயங்கள், பானையோடுகள், கல்வெட்டுகள் என்று பல சாட்சிகள் உண்டு. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி நண்பகல் நிழல்.

பாரசீக அரண்மனையில் மருத்துவராக இருந்த கிரேக்கரான க்டீசியஸ், கி.மு. 400ஆம் ஆண்டையொட்டி, தாம் பார்த்திராத இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நாய்த்தலையர்களும், வெயிலில் மல்லாந்து படுத்துத் தம் ஒற்றைப் பெரும்பாதத்தையே குடையாகப் பிடித்துக்கொள்ளும் மனிதர்களும் அவர் வழியாகத்தான் பின்வந்த நூல்களுக்குள் புகுந்தார்கள். இப்படிப்பட்ட செய்திகளை எழுதுவதற்குக் கற்பனை மட்டும் போதும். சூரியன் எந்தத் திசையில் நின்றது, நிழல் எவ்வளவு நீண்டது என்பவை அப்படியல்ல. வடிவியல் தெரியாமல் அவற்றைச் சரியாகப் புளுகிவிட முடியாது.

க்டீசியஸுக்குச் சற்று முந்திய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். கி.மு. 600ஐ ஒட்டி எகிப்தை ஆண்ட நெக்கோ மன்னன் பினீசிய மாலுமிகளைச் செங்கடல் வழியாகத் தெற்கே அனுப்பினான். அவர்கள் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் கரையிறங்கி, விதைத்து, அறுத்து, மீண்டும் கலமேறி, மூன்றாம் ஆண்டில் இன்றைய ஜிப்ரால்டர் வழியாக எகிப்துக்குத் திரும்பினார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிவரும்போது சூரியன் தங்களுக்கு வலப்பக்கம் இருந்ததாக அவர்கள் சொன்னதை, தம்மால் நம்ப முடியவில்லை என்றும், வேண்டுமானால் வேறு யாரேனும் நம்பிக்கொள்ளட்டும் என்றும் ஹெரோடோட்டஸ் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

ஆப்பிரிக்காவின் தென்முனையில் மேற்கு நோக்கிச் செல்பவருக்கு வலப்பக்கம் என்பது வடக்கு. புவியின் அச்சு சுமார் இருபத்துமூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதால் சூரியன் கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையில்தான் தலைக்கு நேர் மேலே வர முடியும் என்பது பள்ளியில் படித்ததுதான். கடகரேகைக்கு வடக்கே வாழ்பவருக்கு நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில் நிற்கும். மகரரேகைக்குத் தெற்கே போனவருக்கு ஆண்டு முழுவதும் வடக்கில் நிற்கும். இரண்டுக்கும் இடையில் வாழும் நமக்கோ இரு பக்கமும் உண்டு. சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டித் தலையைக் கடந்து வடக்கே போகும் நண்பகல் சூரியன், ஆகஸ்ட் 18ஐ ஒட்டித்தான் தெற்கே திரும்புகிறது. ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் கோலை அங்கே நட்டால் நண்பகல் நிழல் தெற்கே சுமார் 18 சென்டிமீட்டர் விழும். டிசம்பர் 21 அன்று வடக்கே 74 சென்டிமீட்டர் விழும். ஹெரோடோட்டஸால் நம்ப முடியாத காட்சி, நம் மொட்டை மாடிகளில் ஆண்டில் ஏறக்குறைய நான்கு மாதம் அரங்கேறிக்கொண்டிருக்கிறது.

இதில் எனக்குச் சுவையாகத் தோன்றுவது இன்னொன்று. நைல் ஆற்றில் எலிஃபண்டைன் வரை தாமே போய்ப் பார்த்ததாக ஹெரோடோட்டஸ் கூறுகிறார். அந்த ஊர் அன்றைய கடகரேகையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்தான் இருந்தது. இன்னும் சிறிது தூரம் தெற்கே சென்று, கோடைக்கால நண்பகலில் தம் நிழலைப் பார்த்திருந்தால், அந்த வரியை அவர் வேறு விதமாக எழுதியிருப்பார்.

ஆனால் இந்தச் சாட்சியை அளவுக்கு மீறி நீட்டவும் கூடாது. கோடையில் சூரியன் வடக்கே நிற்பதைக் காண இன்றைய சூடானிலுள்ள மெரோவே வரை போனால் போதும் என்பதால், பினீசியர்கள் ஆப்பிரிக்காவை முழுமையாகச் சுற்றினார்கள் என்பதை இந்த ஒரு வரி மெய்ப்பித்துவிடாது. அறிஞர்கள் இன்றும் இதில் ஒருமனப்படவில்லை. கடகரேகைக்குத் தெற்கே சென்ற யாரோ ஒருவர் கண்ணால் கண்ட செய்தி அதற்குள் இருக்கிறது என்பதைத்தான் நான் உறுதியாக ஏற்கிறேன். பழையவர்களை முற்றறிவுடையோராகவும் மூடர்களாகவும் மாறி மாறிச் சித்திரிக்கும் இரண்டு வகைப் பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியை நம்புகிறவர்கள், ஒருநாள் மாலை ஐந்து மணிக்கு அந்த முற்றத்தில் நின்று பார்த்தால் போதும்.

நிழலை அளக்கும் கருவி மிக எளியது. தரையைச் சமன் செய்து, செங்குத்தாக ஒரு கோல் நட வேண்டும், அவ்வளவுதான். கோயில் கட்டுவோர் திசை காண நடும் சங்கு என்னும் கோலும் இதே வகையைச் சேர்ந்தது. அரண்மனைக்கு நூலிடும் நண்பகலை இரு கோல்களின் நிழலைக் கொண்டு குறித்ததை நெடுநல்வாடையும் பாடுகிறது. இன்றைய மார்சேய் நகரமான மசாலியாவில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பித்தியாஸ், அங்கே ஆண்டின் மிக நீண்ட பகல் கொண்ட நாளில் கோலுக்கும் நிழலுக்கும் உள்ள விகிதத்தை அளந்தார். கோல் 120 பங்கு என்றால் நிழல் 42 பங்குக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதாவது 41.8.

இந்த இரண்டு எண்களைக் கொண்டு இன்று கணக்கிட்டால், அன்றைய சூரியன் உச்சியிலிருந்து 19.2 பாகை சரிந்து நின்றது என்று கிடைக்கிறது. புவியச்சின் சாய்வு மிக மெதுவாக மாறுவது. அக்காலத்தில் அது இன்றுள்ளதைவிடச் சற்று மிகுந்து, சுமார் 23.7 பாகையாக இருந்தது. இரண்டையும் கூட்டினால் ஊரின் அகலாங்கு (அட்சரேகை) 42.9 பாகை என்று வருகிறது. மார்சேயின் உண்மையான அகலாங்கு 43.3. குறையும் 0.4 பாகையில் பெரும்பகுதிக்குக் காரணம் பித்தியாஸின் கவனக்குறைவு அன்று, சூரியனின் பருமன்தான். சூரியன் புள்ளியன்று; வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள வட்டு. கோலின் நுனி அந்த வட்டை முழுவதுமாக மறைக்கும் இடம் வரைக்கும்தான் அடர்ந்த நிழல் நீளும். அதைத் தாண்டியவுடன் வட்டின் மேல்விளிம்பிலிருந்து ஒளி கசியத் தொடங்கி, நிழல் மங்கலாகிக் கரைந்துவிடும். ஆகவே அடர்ந்த நிழலின் நுனியை அளப்பவர், தம்மை அறியாமலே, வட்டின் நடுவை விட்டுக் கால் பாகை உயரத்திலுள்ள மேல்விளிம்பை அளக்கிறார். அந்தக் கால் பாகையைச் சேர்த்துவிட்டால் 43.2 கிடைக்கிறது. எஞ்சும் பிழை தரையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்! ஒரு கோலையும் அளவுகயிற்றையும் வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார் என்பதை எத்தனை முறை கணக்கிட்டாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. திறன்பலகைகளுக்குப் பணம் ஒதுக்கும் நம் பள்ளிகள் விளையாட்டுத் திடலின் ஓரத்தில் ஒரு கோலையும் நட்டு வைக்கலாம்.

இந்தப் பித்தியாஸ்தான் பிரிட்டனைச் சுற்றி, அதற்கும் வடக்கே ஆறு நாள் கடற்பயணத் தொலைவில் தூலே என்றொரு நிலம் இருப்பதாகவும், அந்தப் பக்கத்தில் நிலமும் நீரும் காற்றும் பிரித்தறிய முடியாமல் ஒரு கடல்சொறியை (ஜெல்லி மீனை)ப்போலக் கலந்து கிடப்பதாகவும் எழுதினார். அவருடைய நூல் அழிந்துவிட்டது. மேற்கண்ட விகிதமும் தூலேயைப் பற்றிய செய்திகளும் நமக்குக் கிடைத்ததில் பெரும்பங்கு, அவரைப் பொய்யர் என்று ஏசிய புவியியலாளர் ஸ்டிராபோவுக்கே உரியது. வடக்கே சில இடங்களில் இரவு இரண்டு அல்லது மூன்று மணி நேரமே நீடித்தது என்ற குறிப்பும் பித்தியாஸின் நூலிலிருந்து தப்பிப் பிழைத்திருக்கிறது. கோடையில் அத்தனை குறுகிய இரவு ஏறத்தாழ 63 முதல் 65 பாகை வரையுள்ள அகலாங்குகளில்தான் நிகழும்; நடு நார்வேயும் ஐஸ்லாந்தின் தென்பகுதியும் அங்கே இருக்கின்றன. பித்தியாஸ் மார்சேய்க்குத் தந்த அதே விகிதத்தை வானியலாளர் ஹிப்பார்க்கஸ் இன்றைய இஸ்தான்புல்லான பைசான்டியத்துக்கும் பொருத்தி, அந்நகரைச் சுமார் 250 கிலோமீட்டர் வடக்கே தள்ளிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். மாபெரும் வானியலாளர் சறுக்கிய இடத்தில் பொய்யர் எனப்பட்டவரின் அளவு நிலைத்திருக்கிறது.

இலங்கையைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியதிலும் மெய்யும் பொய்யும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிற்கின்றன. கிளாடியஸ் பேரரசர் காலத்தில் ரோமுக்கு வந்த இலங்கைத் தூதர்கள், ஏதோ புது வானத்தைக் காண்பதுபோலக் கார்த்திகை விண்மீன் கூட்டத்தைக் கண்டு வியந்தார்கள் என்கிறார் அவர். இலங்கையில் தலைக்கு மேலேயே தெரியும் கார்த்திகையை அவர்கள் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தார்கள் என்பது நகைப்புக்குரியது. அதே தூதர்கள் தங்கள் நிழல் வடக்கே விழுவதையும், சூரியன் இடப்புறம் எழுந்து வலப்புறம் மறைவதையும் கண்டு வியந்ததாகவும் எழுதுகிறார். ரோமில் நண்பகல் சூரியனை நோக்கி நிற்பவர் எந்த மாதத்திலும் தெற்கு நோக்கித்தான் நிற்பார். கிழக்கு அவருக்கு எப்போதும் இடப்புறமே. அநுராதபுரத்திலோ சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாள்களிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை அவர் வடக்கு நோக்கித் திரும்பி நிற்க வேண்டும். சூரியன் வலப்புறம் எழும், நிழல் முதுகுப்பக்கம் தெற்கே விழும்.