மொட்டை மாடி வெயிலில் 4 ஸ்கொயர் ஒயர்

மீட்டர் போர்டிலிருந்து மாடி வீட்டுக்கு 4 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 4 சதுர மி.மீ.) காப்பர் ஒயர் இழுத்திருக்கிறார் ஒரு வாசகர். 32 ஆம்பியர் தாங்கும் என்று சொல்லி எலெக்ட்ரீஷியன் போட்டுக் கொடுத்தாராம். ஓடுவது 25 ஆம்பியர்தான். ஆனாலும் மொட்டை மாடிப் பைப்புக்குள் ஒயரின் தோல் விறைத்து உதிர்கிறது, ஏன் என்று கேட்கிறார். அதே பைப்பில் பக்கத்துப் போர்ஷனின் லைனும் போகிறது.

எலெக்ட்ரீஷியன் சொன்னது பொய்யில்லை. எந்த ஒயர் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று சொல்லும் சர்வதேச அட்டவணையிலும், பைப்புக்குள் போகும் பிவிசி (பிளாஸ்டிக்) தோல் ஒயருக்கு அதே 32தான். ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு: சுற்றுப்புறம் 30 டிகிரி, பைப்புக்குள் ஒரே சர்க்யூட்.

கரண்ட் ஓடினால் ஒயர் சூடாகும், பள்ளியில் படித்ததுதான். பிவிசிக்கு வரம்பு 70 டிகிரி. 30இல் தொடங்கினால் ஏறுவதற்கு 40 டிகிரி இடம் இருக்கிறது. மே மாத வெயிலில் பைப்புக்குள் 50 டிகிரி என்று வையுங்கள், மிச்சம் 20தான். இடம் பாதியாகிவிட்டது. அப்படியானால் கரண்டையும் பாதியாக்க வேண்டுமா?

வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுகிறது. கரண்டைப் பாதியாக்கினால் சூடு கால்வாசியாகிவிடும், அவ்வளவு குறைக்கத் தேவையில்லை. சூட்டைப் பாதியாக்க, பாதியின் வர்க்கமூலம் போதும்: 0.71. அட்டவணையைப் புரட்டினால் 50 டிகிரிக்கு நேரே அதே 0.71 அச்சாகி இருக்கும்! மனப்பாடம் செய்யும் எண்ணுக்குள் இத்தனை எளிய கணக்கு.

அப்புறம் பக்கத்து லைன். இரண்டு சர்க்யூட் ஒரே பைப்பில் புழுங்கினால் கரண்டை மேலும் 0.80 மடங்காகக் குறைக்க வேண்டும். எல்லாம் பெருக்கினால் 32 ஆம்பியர் 18 ஆகிறது. அந்த லைனும் 25 இழுத்தால் ஒயர் 90 டிகிரியை நெருங்கும். கரண்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் 32 ஆம்பியர் எம்சிபிக்கோ இது எதுவும் தெரியாது. அது கரண்டைத்தான் பார்க்கிறது, பைப்புக்குள் இருக்கும் வெயிலை அல்ல.

மீட்டர் பெட்டி அக்னி மூலையில் இருக்க வேண்டும் என்று நாள் முழுக்க வாதாடுகிறோம். பைப் எந்த வெயிலில் போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்? 10 ஸ்கொயர் ஒயருக்கு அட்டவணையில் 57 ஆம்பியர். அதே குறைப்புகளுக்குப் பின் 32 நிற்கும், இருக்கிற எம்சிபிக்குச் சரியாகப் பொருந்தும். தனிப் பைப்பில் நிழலாகக் கொண்டுபோக வழியிருந்தால் 6 ஸ்கொயரே போதும்.