கேஸ் குறைந்திருந்தால் அது எங்கே போனது என்று கேளுங்கள்

"அண்ணே, கேஸ் மட்டும் அடிச்சு விட்டுடுங்க, சாயங்காலம் ஊருக்குக் கிளம்பணும்."

பங்குனி கடைசியில் ஆரம்பித்து ஆனி வரைக்கும் ஒரு நாளைக்கு நாலு பேராவது என்னிடம் இதைச் சொல்கிறார்கள். அவசரம் புரிகிறது, வேலூர் வெயிலில் ஏசி இல்லாமல் குழந்தைகளை வைத்துக்கொண்டு கார் ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் 18 வருடமாகக் கார் ஏசி வேலை மட்டுமே பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்து போகிற பொருள் இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் அந்தச் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகிறது, எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளை வழியாகப் பீய்ச்சி டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது, மறுபடி கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. இதில் எந்த இடத்திலும் அது செலவாவதே இல்லை. ரப்பர் ஹோஸ் வழியாக வருடத்துக்குச் சில கிராம் கசியும், அதனால் ஏழெட்டு வருட வண்டியில் கொஞ்சம் குறைந்திருந்தால் அதை ஒத்துக்கொள்ளலாம். போன வருடம் அடித்த கேஸ் இந்த வருடம் இல்லை என்றால் எங்கேயோ லீக் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடிக்கிற கேஸ், ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற தண்ணீர்தான்.

சென்ற கோடையில் காட்பாடியிலிருந்து ஒரு டாக்ஸி டிரைவர் தம்பி வந்தார். மாசியிலிருந்து வைகாசிக்குள் மூன்று இடத்தில் மூன்று முறை கேஸ் அடித்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் 1,800 ரூபாய். முதல் தடவை அடித்தது ஒரு மாதம் வந்தது, அடுத்தது மூன்று வாரம், கடைசியாக அடித்தது பத்து நாள் கூட நிற்கவில்லை. மூன்று இடத்திலும் யாரும் லீக் பார்க்கவில்லை, 20 நிமிடத்தில் வேலையை முடித்து அனுப்பிவிட்டார்கள். நான் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டியபோது இன்ஜின் ஓடாத நிலையில் 45 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) காட்டியது. அன்றைக்கு வெயில் 36 டிகிரி. அந்தச் சூட்டில் உள்ளே கொஞ்சமாவது திரவம் இருந்திருந்தால் 115-க்கு மேல் காட்டியிருக்க வேண்டும், ஆக மிச்சமிருந்தது வெறும் ஆவிதான்.

மிச்சத்தை வெளியே எடுத்துவிட்டு நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏற்றினேன். பைப் இணைப்புகள், கண்டென்சரின் மூலைகள், கம்ப்ரசரின் முன்பக்க சீல், கேஸ் ஏற்றும் இடத்து வால்வு என்று ஒவ்வொரு இடமாகச் சோப்பு நுரை வைத்துப் பார்த்தேன், ஒரு குமிழ் கூட எழவில்லை. அப்படியே மூடி வைத்துவிட்டு மறுநாள் காலை பார்த்தால் முள் 110-க்கு இறங்கியிருந்தது. வெளியே எங்கும் இல்லையென்றால் உள்ளேதான் இருக்க வேண்டும். தம்பியிடம் சொல்லிவிட்டு டேஷ்போர்டைக் கழற்றிக் கூலிங் காயிலை வெளியே எடுத்து, இரண்டு வாயையும் அடைத்து, நைட்ரஜன் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அடி மூலையிலிருந்து கடுகை விடச் சின்னதாக ஒரு குமிழ், அதன் பின்னால் இன்னொன்று, நூலில் கோத்த மாதிரி வரிசையாக மேலே வந்தது. அந்த இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது, தகடுகளுக்கு நடுவே ஈரப் புழுதியும் மக்கிய வேப்பிலைச் சருகும் அப்பியிருந்தன. வண்டியில் கேபின் ஃபில்டரே இல்லை. எப்போதோ யாரோ அடைத்துப் போனது என்று கழற்றியவர்கள் புதிது போடாமல் விட்டிருக்கிறார்கள், மூன்று நாலு வருடமாகத் தூசி நேராகக் காயிலில் படிந்து, அங்கே சொட்டுகிற தண்ணீரோடு சேர்ந்து ஊறி, அலுமினியத்தை அரித்துவிட்டது. சில நூறு ரூபாய் ஃபில்டர் இல்லாததால் வந்த வினை. "மூணு தடவை அடிச்ச காசை மொதல்லயே இதுக்குப் போட்டிருப்பேனேண்ணே" என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேஜ் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. வண்டி ஓடாதபோது கேஜ் மாட்டி, "பாருங்க சார், நூறுக்கு மேல இருக்கு, கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று சிலர் காட்டுவார்கள். அது தப்பு. உள்ளே ஒரு துளி திரவம் இருக்கும் வரை அந்த அழுத்தம் வெப்பநிலையை மட்டும்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. வீட்டுச் சமையல் சிலிண்டரும் இப்படித்தான், பாதி இருந்தாலும் கால் இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும். எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிய ஒரே வழி, இருப்பதை மெஷினில் வெளியே எடுத்து எடை போடுவது. திரும்ப ஏற்றுவதும் தராசில் வைத்து எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். உங்கள் வண்டிக்கு எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் எழுதியிருக்கும், நம் ஊர்ச் சின்னக் கார்களில் பலவற்றுக்கு 350-லிருந்து 500 கிராமுக்குள் இருக்கும். இவ்வளவு சின்ன அளவில் 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் கூலிங் கெடும். "கொஞ்சம் கூடவே அடிச்சுடுங்க" என்று கேட்கிறவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. கூடப் போனால் கண்டென்சரில் திரவம் தேங்கி, அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் திணறும், உள்ளே காற்றும் சூடாகத்தான் வரும்.

வண்டி ஓடும்போது கேஜ் சொல்வது வேறு. இன்ஜினை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் வைத்து, புளோயரை முழுதாகத் திருப்பி, உள்காற்று மட்டும் சுற்றும்படி பட்டனைப் போட்டு, வெளியே 35 டிகிரி இருக்கும்போது பார்த்தால், லோ பக்கம் (கம்ப்ரசருக்குள் கேஸ் திரும்பி வரும் பக்கம்) 30-லிருந்து 45, ஹை பக்கம் (கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் பக்கம்) 200-லிருந்து 250 பிஎஸ்ஐ என்பது பொதுவாக நல்ல வண்டியின் கணக்கு. இரண்டும் குறைவாக இருந்தால் கேஸ் போதவில்லை. லோ கூடி ஹை குறைந்திருந்தால் கம்ப்ரசரின் தள்ளும் பலம் போயிருக்கலாம். இரண்டும் ஏறியிருந்தால் கேஸ் அதிகம், அல்லது உள்ளே வெறும் காற்று கலந்திருக்கிறது, அல்லது கண்டென்சர் சூட்டை விடவில்லை. லோ பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் வழியில் எங்கேயோ அடைப்பு. இப்போது வருகிற பல வண்டிகளில் கம்ப்ரசர் தான் தள்ளும் கேஸின் அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்வதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அதை வேலை தெரிந்தவர் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அடைப்பு என்றதும் வேக்கம் பற்றிச் சொல்ல வேண்டும். கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் பம்பு மாட்டி உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுப்பதுதான் வேக்கம். காற்று ஐந்து நிமிடத்தில் போய்விடும், ஈரம் போகாது. அழுத்தம் நன்றாக இறங்கினால்தான் குழாய்க்குள் ஒட்டியிருக்கும் நீர் இந்த வெயில் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும், அதற்கு நேரம் வேண்டும். நான் 30 நிமிடத்துக்குக் குறைத்து விடுவதில்லை, குழாய் கழன்று நாட்கணக்கில் திறந்து கிடந்த வண்டி என்றால் ஒரு மணி நேரம். அதன் பிறகு பம்பை நிறுத்தி, முள் நகராமல் நிற்கிறதா என்று இன்னொரு 15 நிமிடம். ஈரம் உள்ளே தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் நன்றாகக் குளிரும், திடீரென்று நிற்கும், வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி எடுத்தால் மறுபடி குளிரும். நாளாக நாளாக ஈரம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரை உள்ளிருந்து தின்னும். 20 நிமிடத்தில் கேஸ் அடித்து அனுப்புகிற இடத்தில் இந்த வேலை நடந்திருக்க வழியே இல்லை என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, ஒர்க் ஷாப்புக்கு வருவதற்கு முன்னால் நீங்களே சில விஷயங்களைப் பார்க்கலாம். காற்று குறைவாக வருகிறதா, காற்று நன்றாக வந்தும் குளிரவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய். காற்றே வரவில்லை என்றால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள், பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். எலி கூடு கட்டி, தேங்காய் நாரும் துணிக் கிழிசலும் நிறைத்து வைத்திருந்த ஃபில்டர்களை நான் எத்தனையோ எடுத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்று மெல்ல மெல்ல அடங்கினால் காயிலில் பனி கட்டுகிறது, அதன் சென்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹைவேயில் ஜில்லென்று இருக்கிறது, சிக்னலில் நின்றால் சூடாகிறது என்றால் முதல் சந்தேகம் கண்டென்சர் ஃபேன் மேல். ஏசியைப் போட்டுவிட்டுப் பானெட்டைத் திறந்து ஃபேன் சுற்றுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள், கையை மட்டும் கிட்டே கொண்டு போக வேண்டாம், நின்ற ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்ற ஆரம்பிக்கும். ஃபேன் ரிலே போயிருக்கும், அல்லது எலி ஒயரைக் கடித்திருக்கும், அல்லது கண்டென்சர் முழுக்க லாரி தூசியும் பூச்சியும் அடைந்திருக்கும். இதற்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் இதற்கும் கேஸ் அடித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

இன்னொரு குடும்பம், ஆம்பூரிலிருந்து. மதிய வெயிலில் அரை மணி நேரம் ஓடினால் ஏசி விட்டுவிடும், சாயங்காலம் சரியாக இருக்கும். ஓர் இடத்தில் கம்ப்ரசர் போய்விட்டது, 22,000 ஆகும் என்று சொல்லி எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மா எஸ்டிமேட்டை மடித்துக் கைப்பையிலேயே வைத்திருந்தார், பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், ஃபீஸ் கட்ட வைத்திருந்த பணம் அது. வண்டியை வெயிலிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன், கம்ப்ரசரைப் பெல்ட் புல்லியோடு சேர்த்துப் பிடிக்கும் காந்தக் கிளட்ச் விட்டுவிட்டது, ஆனால் அதற்குப் போகிற ஒயரில் 12 வோல்ட் வந்துகொண்டுதான் இருந்தது. கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டால் 0.9 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் பக்கம் இருக்க வேண்டிய இடம், வருடக்கணக்கில் தேய்ந்து அகன்றுவிட்டது. கிளட்சின் மின்காந்தக் காயில் சூடானதும் காந்தத்தின் இழுப்பு குறையும், குறைந்த இழுப்பால் அவ்வளவு தூரத்தில் இருக்கும் தட்டைப் பிடித்து இழுக்க முடியவில்லை. உள்ளே இடைவெளிக்காக வைத்திருந்த மெல்லிய ஷிம் வாஷர் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினேன், இடைவெளி 0.5-க்கு வந்தது. புது உதிரி பாகம் எதுவும் வாங்கவில்லை, கூலி மட்டும்தான். அந்த வண்டி இரண்டு கோடையைத் தாண்டிவிட்டது.

இதனால் கம்ப்ரசர் மாற்றச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பைப்பைக் கழற்றும்போது ஆயில் கருத்து, விரலில் தேய்த்தால் அலுமினியத் தூள் மினுமினுத்தால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது அதை மட்டும் மாற்றினால் போதாது. அந்தத் தூள் கண்டென்சரின் நுண்ணிய குழாய்களுக்குள் போய்த் தங்கிவிடும், என்ன அலசினாலும் முழுதாக வராது. கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றையும் சேர்த்து மாற்றச் சொன்னால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் புதுக் கம்ப்ரசரும் அதே தூளைத் தின்று போகும். பழைய பாகத்தை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், அந்த ஆயிலை நீங்களே பாருங்கள்.

லீக்கை அடைக்கும் மருந்து என்று டப்பாவில் ஒன்று விற்கிறார்கள், அதை உங்கள் வண்டியில் ஊற்ற விடாதீர்கள். ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, வால்வையும் டிரையரையும் அடைக்கும், எங்கள் மெஷினையும் கெடுக்கும். விலை மிகவும் குறைவாகச் சொல்கிற கேஸும் அப்படித்தான். கார் ஏசி கேஸின் பெயரான ஆர்134ஏ என்று லேபிள் ஒட்டிய சிலிண்டரில் எரியக்கூடிய வாயுவைக் கலந்து விற்பது நடக்கிறது, டேஷ்போர்டுக்குள் காயில் லீக் ஆனால் அது நேராக நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத்தான் வரும். ஹைபிரிட் வண்டி, மின்சார வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றின் கம்ப்ரசருக்குள்ளேயே உயர் மின்னழுத்த மோட்டார் இருக்கிறது, மின்சாரம் கடத்தாத தனி ஆயில்தான் போட வேண்டும், சாதாரண ஆயில் கொஞ்சம் கலந்தாலும் இன்சுலேஷன் போய்விடும்.

மிச்ச கேஸை அப்படியே காற்றில் திறந்து விடுகிற பழக்கமும் எங்கள் தொழிலில் நிறைய இருக்கிறது, அதை வருத்தத்தோடு சொல்கிறேன். முன்பு பயன்படுத்திய ஆர்12 என்ற கேஸ் ஓசோனைக் கெடுத்தது என்றுதான் ஆர்134ஏ-க்கு மாறினார்கள், இது ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் ஒரு கிலோ ஆர்134ஏ, நூறு வருடக் கணக்கில் ஏறக்குறைய 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். இந்த வகை கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் ருவாண்டா நாட்டின் கிகாலியில் ஒப்பந்தம் போட்டார்கள், இந்தியாவும் 2021-இல் அதை உறுதி செய்திருக்கிறது. மூன்று முறை அடித்து மூன்று முறையும் லீக்கான அந்த டாக்ஸி தம்பியின் ஒன்றேகால் கிலோ கேஸ், நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது.

அவர் வண்டிக்குப் புதுக் கூலிங் காயில், திறந்த இணைப்புகளுக்கெல்லாம் புது ஓரிங் (ரப்பர் வளையம்), புது டிரையர், கேபின் ஃபில்டர் போட்டேன். மறுபடி நைட்ரஜன் ஏற்றி ஓர் இரவு விட்டேன், காலையில் முள் நகரவில்லை. முக்கால் மணி நேரம் வேக்கம், தராசில் 420 கிராம். நடு வென்டில் தெர்மாமீட்டரைச் செருகினால் பத்து நிமிடத்தில் 8 டிகிரிக்கு வந்தது. தேதி, கிராம், மாற்றிய பாகம் மூன்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பானெட்டுக்கு அடியில் ஒட்டினேன். எந்த ஊரில் ஏசி வேலை பார்த்தாலும் இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்து அந்த வண்டியைத் திறக்கிறவருக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியும்.