உருண்டை அல்ல, திரி

இராத்திரி மூன்று மணிக்கு "ஹக்... ஹக்..." என்று ஒரு சத்தம். பூனை வளர்ப்பவர்களை இதைவிட வேகமாக எழுப்பும் அலாரம் கிடையாது. லைட்டைப் போட்டு ஓடுவதற்குள் எங்கள் வீட்டு நீள முடிப் பெர்ஷியன் பூனை, வெறும் தரையை விட்டுவிட்டுத் தேடிப்போய்ப் பாயின் மேல் கக்கி முடித்திருக்கும். முடியுருண்டை என்று சொல்கிறோமே தவிர, உற்றுப் பார்த்தால் அது உருண்டையே இல்லை. சுண்டுவிரல் நீளத்தில், ஈரமாக, முறுக்கி வைத்த விளக்குத்திரி போல இருக்கும். வயிற்றில் கட்டியாகக் கிடந்த முடி, குறுகலான உணவுக்குழாயில் பிதுங்கி வரும்போது இந்த வடிவம் எடுக்கிறது.

விஷயம் தொடங்குவது நாக்கில். பூனை நம் கையை நக்கினால் உப்புத்தாளைத் தேய்த்த மாதிரி இருக்கும். காரணம், நாக்கில் உள்ள சின்னச் சின்ன முட்கள். நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான். எல்லாம் தொண்டையைப் பார்த்து வளைந்திருக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ இருவரும் வீட்டுப் பூனை முதல் புலி, சிங்கம் வரை ஆறு இனங்களின் நாக்கை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு முள்ளின் நுனியும் கரண்டி போலக் குழிந்திருந்தது. அந்தக் குழி வாயிலுள்ள எச்சிலைத் தானாக இழுத்துக்கொண்டு, ரோமத்துக்கு அடியில் தோல் வரை கொண்டுபோய் விடுகிறது. குளியலும் தலைவாரலும் ஒரே வேலையில் முடிந்துவிடும். ஆனால் முள் உள்நோக்கி இருப்பதால், சிக்கிய முடியைத் துப்ப வழியில்லை. விழுங்கத்தான் வேண்டும்.

அதே ஆய்வில் பெர்ஷியனுக்கு மட்டும் ஒரு சிக்கல் தெரிந்தது. அதன் ரோமத்தை எவ்வளவு அழுத்தினாலும் முள் தோலை எட்டவில்லை. நாம் அழகுக்காகப் பெருக்கிய முடியைப் பராமரிக்க, பாவம், அதன் நாக்கே போதவில்லை.

விழுங்கிய முடி செரிக்காது. ஆனால் பெரும்பகுதி சத்தமில்லாமல் மலத்தோடு போய்விடும். முடிக்கு அதுதான் வழக்கமான பாதை. மிஞ்சுவதுதான் திரியாக வாய்வழியே வருகிறது. அதனால், "பூனை என்றால் முடி கக்கத்தான் செய்யும்" என்று சும்மா இருந்துவிடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. எப்போதாவது ஒரு முறை என்றால் சரி. வாராவாரம் என்றால், ஒன்று பூனை அளவுக்கு மீறி நக்குகிறது, இல்லையென்றால் குடல் சரியாகத் தள்ளவில்லை.

எங்கள் வீட்டில் முதல் காரணம். வாலடியில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்பாக ஏதோ இருந்தது. ஈரப் பஞ்சில் ஒற்றினேன், செம்பழுப்பாகக் கரைந்தது. தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். அரிப்பில் நக்கியிருக்கிறது, நக்கியதில் முடி உள்ளே போயிருக்கிறது. டாக்டர் தந்த மருந்தைப் போட்டதும் பாய்க்கு ஓய்வு கிடைத்தது. (நாய்க்கான மருந்தை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு விஷம்.)

இன்னொரு குழப்பமும் உண்டு. தரையோடு குனிந்து, கழுத்தை நீட்டி இருமுகிறது, ஆனால் எதுவும் வருவதில்லை என்றால் ஆஸ்துமாவாக இருக்கலாம். போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

மற்றபடி வைத்தியம் சீப்புதான். நீள முடிப் பூனைக்குத் தினமும் வார வேண்டும். சீப்பில் வருகிற ஒவ்வொரு பிடியும் வயிற்றுக்குப் போகாத முடி. கடையில் விற்கும் மால்ட் பேஸ்ட் என்ற பசை, விழுங்கிய முடியை ஓரளவு வழுக்கிவிடும். விளக்கெண்ணெயை மட்டும் வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும்.

திரும்பத் திரும்பக் குமட்டியும் ஒன்றும் வராமல், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் குடல் அடைத்திருக்கலாம், காத்திருக்க வேண்டாம். முடி அப்படி அடைப்பது அபூர்வம். எனக்கு அதைவிடப் பயம் பூக்கட்டும் நூல். அதே முள், அதே கதை: சிக்கினால் விழுங்கத்தான் முடியும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை உள்ளே மாட்டியிருந்தால் குடலையே அறுத்துவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.