சதையை வளர்க்கும் விதைகள்: ஸ்ட்ராபெரி பருக்கும் விதம்

வீட்டுத் தொட்டியில் ஸ்ட்ராபெரி வளர்ப்போர் பலருக்கும் வாய்க்கும் ஏமாற்றம் ஒன்று உண்டு. செடி செழித்து நிற்கும், பூவும் வரும், ஆனால் பழம் மட்டும் ஒரு பக்கம் புடைத்தும் மறுபக்கம் சூம்பியும் கோணலாக இருக்கும். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரமிடுவதால் பெரும்பாலும் பயனில்லை. கோளாறு பெரும்பாலும் பூவிலேயே நேர்ந்துவிட்டது.

நாம் விரும்பி உண்ணும் அந்தச் சிவந்த சதை, தாவரவியல் கணக்கில் கனியே அன்று. மாம்பழத்தில் பூவின் சூற்பை, அதாவது விதை உருவாகும் பை, பருத்துக் கனியாகிறது. ஸ்ட்ராபெரியிலோ சூலகங்களை, அதாவது பூவின் பெண் உறுப்புகளை, தாங்கி நிற்கும் அடிப்பகுதியான பூத்தளம் பருக்கிறது. முந்திரிக்கொட்டையைத் தாங்கும் காம்பு பழமாவதைப் போன்றதே இது. இரண்டையும் பொய்க்கனி என்பர். மேற்பரப்பில் விதை என்று நாம் நினைக்கும் ஒவ்வொரு புள்ளியும், ஒற்றை விதையை உள்ளடக்கிய ஒரு சிறு உலர்கனி. ஒரு பழத்தில் இவை ஏறத்தாழ 200 இருக்கலாம். ஒவ்வொன்றும் தனித்தனிச் சூலகத்திலிருந்து உருவாவதால், மகரந்தத்தை ஏற்கும் நுனியான ஒவ்வொரு சூல்முடியிலும் மகரந்தம் விழுந்தாக வேண்டும்.

சதை பருப்பதற்கான ஆணை இந்தப் புள்ளிகளிலிருந்தே வருகிறது என்பதை 1950-இல் நிட்ச் என்னும் ஆய்வாளர் எளிய சோதனையால் காட்டினார். இளங்காயிலிருந்து புள்ளிகளை எல்லாம் நீக்கியபோது வளர்ச்சி நின்றது. ஒன்றை மட்டும் விட்டுவைத்தபோது அதைச் சுற்றியுள்ள சதை மட்டும் புடைத்தது. நீக்கிய இடத்தில் ஆக்சின் வகை வளர்ச்சி ஊக்கி கலந்த பசையைத் தடவியபோதோ விதையின்றியே காய் பருத்தது. ஆகவே, கருவுறாத புள்ளிகள் உள்ள பக்கம் சூம்புவதில் வியப்பில்லை.

மகரந்தமின்மை இச்செடியின் வரலாற்றையே திருப்பியிருக்கிறது. 1714-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஃப்ரேசியே, சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் ஸ்ட்ராபெரிச் செடிகளை ஃபிரான்சுக்குக் கொண்டுவந்தார். (பிரெஞ்சு மொழியில் இப்பழத்தின் பெயர் 'ஃப்ரேஸ்' என்பது ஓர் இனிய தற்செயல்.) பிழைத்து வந்த ஐந்தும் பெண் செடிகள் என்பதால் அவை தனித்திருந்தவரை காய்க்கவில்லை. பின்னர் வட அமெரிக்க வர்ஜீனியா இனத்தை அருகில் நட்டபோது அதன் மகரந்தத்தால் காய்த்தன. அந்தக் கலப்பில் பிறந்ததே இன்று மகாபலேஷ்வரிலும் கொடைக்கானலிலும் உதகையிலும் விளையும் ஸ்ட்ராபெரி.

இன்றைய வகைகளின் பூக்கள் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் கொண்ட இருபாலானவை என்பதால் ஒற்றைச் செடியும் காய்க்கும். எனினும், பூவின் மகரந்தம் அதன் எல்லாச் சூல்முடிகளையும் தானாகச் சென்றடைவதில்லை. காற்று ஓரளவு உதவும், தேனீ பூவின்மேல் சுற்றிச்சுற்றி நடந்து எஞ்சியதை முடிக்கும். இரண்டும் எட்டாத மூடிய பால்கனியில், பூ விரிந்த நாள்களில் உலர்ந்த மென்தூரிகையால் நடுவிலிருந்து விளிம்புவரை மெல்லச் சுழற்றித் தடவிவிடலாம்.

மற்றவை எளியவை. நடும்போது இலைகள் கிளம்பும் குட்டைத் தண்டு மண்மட்டத்தில் இருக்க வேண்டும்; புதைந்தால் அழுகும், உயர்ந்தால் வேர் காயும். வேர் ஆழமாகப் போகாததால் மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் நீர் தேங்கக் கூடாது. கொடிபோல் ஓடும் தண்டுகள் புதுச் செடி தரும் என்றாலும், காய்க்கும் பருவத்தில் அவை உணவைப் பங்குபோடுவதால் நறுக்கிவிடுவதே நல்லது.

பறிப்பதில் மட்டும் அவசரம் ஆகாது. வாழைத்தாரைப் போல் காயாக வெட்டிப் பழுக்க வைக்கும் வழி இதற்கு இல்லை. பறித்தபின் நிறம் சற்றுக் கூடலாம், இனிப்பு கூடாது. காம்படி வரை சிவக்கும்வரை செடியிலேயே விட்டுவைக்க வேண்டும், அணில் விட்டுவைத்தால்.